சாமி கும்பிடப் போன இடத்தில் எதுக்கு வம்பு?

ஆடி வெள்ளி, கார்த்திகை தீபம், பங்குனி அறுபத்து மூவர், அப்புறம் மாதாமாதம் பௌர்ணமி. பாரிமுனையில் இருக்கும் எங்கள் வக்கீல் ஆபீசுக்கு, கோயில் கூட்டத்தில் பெண்களுக்கு நடந்த தொல்லை பற்றிய போன்கள் இந்தத் தேதிகளை ஒட்டித்தான் வரும். பேசுவது பெரும்பாலும் அம்மாக்கள். "ஒண்ணும் பெரிசா இல்ல மேடம், சும்மா கேக்கலாம்னுதான்" என்று ஆரம்பிப்பார்கள். பத்து நிமிடம் எதையெதையோ பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார்கள்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். வடசென்னைக்காரர்கள், ஏழு பேர், கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கிறார்கள். 14 கிலோமீட்டர், பௌர்ணமிக் கூட்டம். நிருதி லிங்கம் தாண்டியதிலிருந்து ஒருவன் கல்லூரிப் படிப்பில் இருக்கும் மகளின் பின்னாலேயே வந்து, கூட்டம் நெருக்கும் இடமாகப் பார்த்து உரசியிருக்கிறான். முதல் தடவை தெரியாமல் பட்டது என்று நினைத்திருக்கிறாள். இரண்டாவது தடவை அம்மாவின் காதில் சொன்னாள். அம்மா சொன்னது: "பேசாம நட. சாமி கும்பிட வந்த இடத்துல எதுக்கு வம்பு?" மூன்றாவது தடவை அந்தப் பெண் கத்திவிட்டாள், அவன் கூட்டத்துக்குள் நழுவுவதற்குள் போனில் ஒரு படமும் எடுத்துவிட்டாள். அப்பா எங்கே என்று கேட்டேன். "அவர் வேகமா நடப்பாரு மேடம், வருண லிங்கத்துக்கிட்ட போய் உக்காந்திருந்தாரு." முன்னால் போய் உட்கார்ந்து காத்திருப்பதை நம் வீட்டு ஆண்கள் ஒரு வேண்டுதலாகவே செய்கிறார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

கோயிலுக்குப் போகும் பெண்களுக்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவுரைகளைப் பாருங்கள். நகை போடாதே, தனியாகப் போகாதே, இப்படி உடுத்து. எல்லாமே பெண்ணுக்குத்தான். என் அனுபவத்தில் தவறு நடப்பது பெண் தனியாக இருக்கும்போது மட்டும் இல்லை, ஏழு பேர் நடுவில் நடக்கும்போதும்தான். அந்த ஏழு பேரும் வாயை மூடச் சொல்வார்கள் என்பது உரசுகிறவனுக்கு நன்றாகத் தெரியும், கோயில் கூட்டத்தை அவன் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். அதனால் பெப்பர் ஸ்ப்ரே வாங்குவதற்கு முன்னால் வீட்டில் ஒரு பேச்சு பேசிக்கொள்ளுங்கள். யாராவது "ஒருத்தன் சரியில்ல" என்று சொன்னால் அந்த இடத்திலேயே எல்லோரும் நிற்பது, தரிசன நேரம் போனாலும் பரவாயில்லை. நடக்கும்போது வேகமாக நடப்பவர் முன்னால் ஓடாமல், பெரியவர் ஒருவர் கடைசியில் வருவது. செலவே இல்லாத ஏற்பாடு இது.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். "கோயில் விவகாரம், போலீஸ் எடுப்பாங்களா?" என்று கேட்கிறார்கள். 1998ல் தமிழ்நாடு கொண்டுவந்த பெண்களுக்கு எதிரான வன்கொடுமைத் தடைச் சட்டத்தில் பஸ் ஸ்டாப், தியேட்டர், கடற்கரையோடு சேர்த்துக் கோயில், திருவிழா நடக்கும் இடம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 2025ல் அதில் தண்டனையையும் கூட்டினார்கள். இதற்கு மேல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 74வது பிரிவு, பழைய சட்டத்தின் 354தான் அது. மானபங்கம் செய்யும் நோக்கத்தில் கை வைத்தால் குறைந்தது 1 வருடம், 5 வருடம் வரை சிறை. பெண்ணுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் போக்சோ, அதாவது குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்.

மேலே சொன்ன குடும்பம் சென்னை திரும்பி வீட்டுப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போனபோது, "சம்பவம் அங்கதானே, அங்க போய்க் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். இப்படி அனுப்பக் கூடாது. போலீஸ், கோர்ட் நடைமுறைகளைச் சொல்லும் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்ஸின் 173வது பிரிவின்படி எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு அவர்களே அந்த ஊருக்கு மாற்ற வேண்டும். ஆன்லைனிலும் அனுப்பலாம், ஆனால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். இந்த மாதிரிக் குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண் சொல்வதைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, கையில் சி.எஸ்.ஆர் ரசீதைக் கொடுத்தால் வழக்கு பதிவாகிவிட்டது என்று நினைத்துச் சந்தோஷமாக வீட்டுக்குப் போகிறார்கள். சி.எஸ்.ஆர் என்பது மனு வந்ததற்கான ரசீது மட்டும்தான். எஃப்.ஐ.ஆர் நகலைக் கேளுங்கள், இலவசமாகவே தர வேண்டும்.

புகாரில் நேரத்தையும் இடத்தையும் முடிந்தவரை சரியாக எழுதுங்கள், அந்த இடத்து கேமராப் பதிவை எடுத்து வைக்கும்படி அதிலேயே கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும். "குடும்பத்தோட பேசி முடிவெடுக்கிறோம்" என்று ஒரு மாதம் கழித்து வருகிறவர்களிடம் என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.

உடை மாற்றும் இடம் அடுத்தது. 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே தனியார் உடைமாற்றும் அறையில் ரகசிய கேமரா இருந்ததைக் கண்டுபிடித்தவர், குளித்துவிட்டு உடை மாற்றப் போன ஒரு பெண்தான். அவர் "எதுக்கு வம்பு" என்று கிளம்பியிருந்தால் இன்னும் எத்தனை பேரோ. எனக்கு இதில் பாட்டி காலத்து வழிதான் பிடிக்கும்: நாலு பெண்கள் சுற்றி நின்று புடவையைத் திரையாகப் பிடிப்பது. இல்லையென்றால் தங்கும் அறைக்கே ஈரத்தோடு போய்விடலாம். அறையைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால் டைல்ஸ் இடுக்கு, பல்பு மாட்டும் இடம், சுவிட்ச் போர்டு, தேவையில்லாத ஓட்டை எல்லாவற்றையும் பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால் கழற்றி எடுக்காதீர்கள், அது சாட்சியம். ஒருவர் கதவருகே நின்றுகொண்டு யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் அவசர உதவி எண்ணான 112க்கு அடிக்க வேண்டும்.

பரிகார விஷயத்தில்தான் படித்தவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள். கோயில் வாசலில் நட்பாகப் பேச ஆரம்பித்து, ஜாதகம் கேட்டு, "தோஷம் பொண்ணுக்குத்தான், பொண்ணு மட்டும் உள்ள வரட்டும், வீட்டுக்காரர் வெளிய இருக்கட்டும்" என்று வந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். கவுண்டரில் பணம் கட்டி ரசீது வாங்கி, எல்லோர் கண்ணெதிரே நடப்பதுதான் கோயில் பூஜை. கதவைச் சாத்திக்கொண்டு செய்வதற்கு வேறு பெயர்.

குழந்தைகள் பற்றிச் சுருக்கமாக: கிளம்பும் காலையில் அன்றைய உடையோடு ஒரு போட்டோ, பாக்கெட்டில் இரண்டு போன் நம்பர் எழுதிய சீட்டு. ஞாபக மறதி உள்ள பெரியவர்களுக்கும் இதே. உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்கள்: குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, ரயிலில் என்றால் 139.

அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணுக்கு எஃப்.ஐ.ஆர் வாங்கப் பெரிய அதிகாரிக்குத் தபாலில் மனு அனுப்ப வேண்டியிருந்தது. அவள் எடுத்த படத்தை வைத்துத்தான் ஆளைப் பிடித்தார்கள். மூன்று வாய்தா ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அப்பா கூடவே வருகிறார், இப்போது அவள் நடக்கிற வேகத்துக்கு.