லெட்சுமிக்கு எத்தனை ஸ்பெல்லிங்? டொமைன் பெயர் வேலை செய்யும் விதம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் லெட்சுமி என்ற பெயரில் ஒரு பலகாரக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தீபாவளி நேரத்தில் முறுக்கு ஆர்டர் கொடுக்க ஓர் அக்கா போன் செய்கிறார். "வெப்சைட்லயே போட்டுடலாம்க்கா, லெட்சுமி பலகாரம் டாட் மை" என்கிறான் கடைப் பையன். அந்த அக்கா எதைத் தட்டுவார்? எல்-ஏ-கே-எஸ் என்று தொடங்கலாம், எல்-ஈ-டி-சி-எச் என்றும் தொடங்கலாம், முடிவில் ஐ-யா ஒய்-யா தெரியாது, பலகாரத்துக்கு கே-யா ஜி-யா என்பது தனிக் குழப்பம். நம் ஊர் அடையாள அட்டைகளிலேயே லெட்சுமியைப் பல விதமாக எழுதியிருக்கிறார்கள்.

மனிதருக்கு எல்லாமே ஒரே லெட்சுமிதான். டொமைன் பெயரை, அதாவது வெப்சைட்டின் பெயரை, தேடித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு அப்படி இல்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த இந்த ஏற்பாடுதான் பெயரைக் கணினியின் எண் முகவரியாக மாற்றித் தருகிறது. நீங்கள் தட்டியதும் கேள்வி முதலில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் சர்வருக்குப் போகும், அது 'டாட் மை' பட்டியல் வைத்திருக்கும் சர்வரைக் காட்டும் (மலேசியாவில் அதை மைனிக் என்ற நிறுவனம் நிர்வகிக்கிறது), அங்கிருந்து அந்தக் கடையின் பெயருக்குப் பொறுப்பான சர்வர், கடைசியில் எண். முன்பே கேட்ட பதில் நினைவில் இருந்தால் இவ்வளவு தூரம் அலையாது. ஆனால் எந்தப் படியிலும் யாரும் ஊகிப்பதில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை மட்டும் விட்டுவிடும், மற்றபடி ஓர் எழுத்து மாறினாலும் அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பதில்தான் வரும், அல்லது அந்த ஸ்பெல்லிங்கை வாங்கிப் போட்டிருக்கும் வேறு யாரோ ஒருவரின் பக்கம் திறக்கும்.

அதனால் நல்ல பெயர் என்பது, என்னைக் கேட்டால், காதில் விழுந்ததும் ஒரே விதமாக எழுத வருகிற பெயர். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே 63 எழுத்துவரை போகலாம்தான், போகாதீர்கள். நடுவில் கோடு போடலாம், ஆனால் போனில் அதைச் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. வாங்குவதற்கு முன் வீட்டில் யாரிடமாவது ஒருமுறை வாயால் சொல்லித் தட்டச் சொல்லுங்கள், இரண்டு பேர் இரண்டு விதமாகத் தட்டினால் வேறு பெயர் பாருங்கள். குடும்பப் பெயரை விடவே முடியாது என்றால் சரி, அதிகம் பேர் எழுதும் இன்னொரு ஸ்பெல்லிங்கையும் வாங்கி முதல் பெயருக்குத் திருப்பிவிடுங்கள். 'டாட் காம் டாட் மை' எடுப்பவர்கள் வெறும் 'டாட் காம்' யாரிடம் இருக்கிறது என்றும் பார்த்துவிடுவது நல்லது, பாதிப் பேர் அதைத்தான் தட்டுவார்கள்.

அப்புறம், தமிழ் எழுத்திலேயே வைத்தால் என்ன? வைக்கலாம், வைக்கவும் வேண்டும் என்பது என் ஆசை. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' மூன்றுமே தமிழில் இருக்கின்றன, 'டாட் காம்' முன்னாலும் தமிழ்ப் பெயர் வாங்க முடியும். டிஎன்எஸ்ஸுக்குள் போகும்போது அது பியூனிகோட் என்ற முறையில் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த சரமாக மாறிவிடும், பெரும்பாலும் வாசகர் கண்ணில் படாது. லெட்சுமிக்கு ஸ்பெல்லிங் தொல்லை பெருமளவு தீர்ந்தது. கௌரி ஸ்டோர்காரர்தான் கவனமாக இருக்க வேண்டும்: 'கௌ'வை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' சேர்த்தும் தட்டலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சரங்கள். பதிவு செய்யும் இடத்தில் இந்த இரண்டையும் எப்படி நடத்துகிறார்கள் என்று கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.