பத்து நொடியில் ஓர் இணைப்பு

முதல் உலகப் போர்க்காலத்து ராணுவ டெலிபோனில் சுழற்ற எண்கள் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி மட்டும் இருக்கும். அதிகாரி அதைச் சுற்றினால் உள்ளே காந்தங்களுக்கு நடுவே கம்பிச்சுருள் சுழன்று மின்சாரம் பிறக்கும். அது வயர் வழியே, எல்லா லைன்களும் வந்து சேரும் ஸ்விட்ச்போர்டு என்ற இணைப்புப் பலகைக்கு ஓடி ஒரு மின்காந்தத்தை இயக்க, கொக்கி விலகி அந்த லைனுக்குரிய குட்டித் தகடு ‘டக்’கென்று விழும். ஆபரேட்டர் உடனே ஒரு பிளக்கை அந்த லைனின் துளையில் செருகி, யார் வேண்டுமென்று கேட்பார். அந்தப் பிளக்கோடு வயரால் இணைந்த ஜோடிப் பிளக்கை எடுத்து வேண்டிய லைனில் செருகி மணியடிப்பார். அவ்வளவுதான், இரண்டு லைன்களும் ஒன்றாகிவிடும். பேசி முடித்துக் கைப்பிடியை மறுபடி சுற்றினால் இன்னொரு தகடு விழும், பிளக்குகளை உருவிவிடலாம்.

ஒரே சமயத்தில் பல தகடுகள் விழும்போதுதான் ஆபரேட்டரின் திறமை தெரியும். பிரான்சில் ஓர் இணைப்புக்கு அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் இதே வேலையில் பழகிய பெண்களுக்குப் பத்து நொடி போதும். தொலைதூர அழைப்பு வழியில் பல இணைப்பகங்களைத் தாண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கை பிளக் செருகியாக வேண்டும். நடுவில் பிரெஞ்சு இணைப்பகம் வந்தால் பிரெஞ்சில் பேசியாக வேண்டும். இடங்களுக்கு ரகசியப் பெயர்கள் வேறு, அவையும் அடிக்கடி மாறும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் வீணானால் பீரங்கிப் படைக்குக் கட்டளை போய்ச் சேருவதற்குள் களநிலை மாறிவிடும்.

அதனால்தான் 1917 நவம்பரில் பிரான்சிலிருந்த அமெரிக்கப் படையின் தளபதி ஜான் பெர்ஷிங் பிரெஞ்சு தெரிந்த பெண் ஆபரேட்டர்களை அனுப்பச் சொன்னார். 7,000-க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். 223 பேர் கடல் கடந்தார்கள். முதல் குழுவின் தலைவி கிரேஸ் பேங்கருக்கு வயது 25. 1918 செப்டம்பரில் பிரான்சின் சான் மியேலில் நடந்த தாக்குதலின்போது இவரும் சில பெண்களும் போர்முனைக்கு அருகிலிருந்தே இணைப்பு கொடுத்தார்கள். அக்டோபர் 30 அன்று சூயி என்ற பிரெஞ்சு ஊரில் அவர்களுடைய குடியிருப்புகள் தீப்பற்றின. வெளியேறும்படி கட்டளை வரும்வரை ஸ்விட்ச்போர்டை விட்டு எழவில்லை. சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்து, வேலை செய்த லைன்களில் மறுபடி இணைப்பு கொடுத்தார்கள்.

பேங்கருக்கு 1919-ல் ராணுவப் பதக்கம் கிடைத்தது. ஆனால் சீருடை அணிந்து, உறுதிமொழி எடுத்து, ராணுவக் கட்டுப்பாட்டில் வேலை செய்த இந்தப் பெண்களைப் போர் முடிந்ததும் ‘சிவிலியன்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். இது அப்பட்டமான அநீதி. அவர்களில் ஒருவரான மெர்ல் ஈகன் ஆண்டர்சன் உள்ளிட்டோர் பல பத்தாண்டுகள் போராடிய பிறகே 1977-ல் சட்டம் அவர்களை முன்னாள் படைவீரர்களாக ஏற்றது. அதற்குள் பெரும்பாலோர் மறைந்துவிட்டார்கள். பேங்கர் 1960-லேயே காலமாகியிருந்தார்.