பிடிப்பது எளிது, பிடித்து வைப்பதுதான் கடினம்

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்ச நுண்ணுயிரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி கடலில்தான் நடக்கிறது. அதில் பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளுடையது. அவற்றில் ஒருவகையான, நீலப்பச்சைப் பாசி என்றும் சொல்லப்படும் சயனோபாக்டீரியாவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம்.

கார்பனைப் பிடிக்கும் வேலை ரூபிஸ்கோ என்ற நொதியுடையது. ரொம்ப மெதுவான நொதி இது. வினாடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் கையாளும். போதாததற்கு, அவ்வப்போது ஆள் தெரியாமல் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு உழைப்பை வீணாக்கும். இதற்குச் சயனோபாக்டீரியா வைத்திருக்கும் வழி அபாரமானது. கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து எடுக்கும் வடிவமான பைகார்பனேட்டைச் செல்லுக்குள் இழுத்துக் குவிக்கிறது. உள்ளே கார்பாக்சிசோம் என்ற குட்டிப் புரதப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ரூபிஸ்கோ நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும். பெட்டிக்குள் நுழைந்த பைகார்பனேட்டை இன்னொரு நொதி சட்டென்று கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகிறது. சுற்றிலும் அதுவே நிறைந்திருக்கும்போது ரூபிஸ்கோ தவறு செய்வது குறைகிறது, வேகமும் கூடுகிறது.

சரி, இவற்றை வளர்த்தே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குறைத்துவிடலாமே, அப்புறம் என்ன சிக்கல்? பிடித்த கார்பன் அந்த உயிரியின் உடலாகத்தான் மாறுகிறது. அது செத்து மட்கினாலோ, வேறொன்று அதைத் தின்றாலோ, வாயு திரும்பவும் வெளியே வந்துவிடும். அதனால் வளர்ப்பதைவிட, வளர்ந்ததை அள்ளிப் பத்திரப்படுத்துவதுதான் பெரிய வேலை. 1 கிலோ உலர்ந்த பாசி சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைடைப் பிடித்திருக்கும். ஆனால் திறந்த குளத்தில் 1 லிட்டர் நீருக்குப் பெரும்பாலும் 1 கிராம் பாசிகூடத் தேறாது. அந்த ஒரு கிலோவுக்காக 1,000 லிட்டருக்கும் மேல் நீரைப் பிரித்தெடுத்து, பிறகு காயவைக்க வேண்டும். அதற்கான மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் கணக்கே தலைகீழாகிவிடும். நாம் ஆண்டுதோறும் எரிபொருளிலிருந்து வெளியிடும் கார்பன் டை ஆக்சைடோ சுமார் 3,700 கோடி டன்.

இதனால்தான் 2022-இல் இத்தாலியின் வல்கானோ தீவருகே கிடைத்த ஒரு சயனோபாக்டீரியா எனக்கு முக்கியமாகப் படுகிறது. எரிமலை வாயு குமிழியிடும் ஆழமற்ற கடலில் எடுத்தது. ஆய்வாளர்கள் வைத்த செல்லப்பெயர் சாங்கஸ். செல் பெரியது, உள்ளே கார்பன் சேமிப்புத் துகள்கள் ஏராளம். குடுவையை அசைக்காமல் வைத்தால் தானாகவே அடியில் கெட்டியாகப் படிந்துவிடும். நீரைப் பிரிக்கும் செலவில் ஒரு பகுதி அங்கேயே மிச்சம்.

படிந்ததை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. கடலில் ஆயிரம் மீட்டருக்குக் கீழே போய்ச் சேரும் கார்பன் நூற்றாண்டுக்கணக்கில் மேலே வராது. ஆனால் மேற்பரப்பிலிருந்து மூழ்குவதில் பெரும்பகுதியை வழியிலேயே மற்ற நுண்ணுயிரிகள் தின்று தீர்த்துவிடுகின்றன.