பெரிய ஃபிளாட்டுக்கு ஆள் வராது என்று ஒதுக்கிவிடாதீர்கள்

வாடகைக்கு விடுவதற்காக ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தையே முழுசாக வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கொண்டுவரும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான்: சதுர அடிக்கு எவ்வளவு வாடகை. அந்தக் கணக்கில் ஒரு படுக்கையறை வீடு பெரும்பாலும் ஜெயிக்கும், மூன்று படுக்கையறை வீடு தோற்கும். உடனே சின்ன வீடுகளாக உள்ள கட்டடத்தையே தேடக் கிளம்பிவிடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். 12 மாதம் இருந்தவர் காலி செய்து, அடுத்தவர் வர ஒரு மாதம் ஆனால், 13 மாதத்தில் ஒரு மாத வாடகை போய்விட்டது, ஏறக்குறைய 8 சதவீதம். பெரிய வீட்டுக்கு ஆள் கிடைக்க 2 மாதமே ஆகட்டும், வந்த குடும்பம் 4 வருடம் தங்கினால் 50 மாதத்தில் 2 மாதம், அதாவது 4 சதவீதம்தான் இழப்பு. ஆள் மாறும்போதெல்லாம் வரும் பெயிண்ட், ரிப்பேர், தரகுச் செலவு தனி. பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் சேர்ந்துவிட்ட குடும்பம் லேசில் வீடு மாற்றாது.

ஆனால் பரப்பளவு மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. 2020க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் கூடியதில், கேட்பது கதவு வைத்த இன்னொரு அறை. வீடு பார்க்க வரும் தம்பதியில் ஒருவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார், மற்றவர் கூடத்தில் நின்று சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறார். அகலமான கூடத்தோடு இரண்டு படுக்கையறை இருப்பதைவிட, அதே அளவில் சிறியதாக மூன்று அறைகள் இருக்கும் வீடு சீக்கிரம் போகும். மூன்று அறைக்கு ஒரே குளியலறை என்றால் மட்டும் சிரமம்.

இப்படிப்பட்ட வீடுகள் குறைவாக இருப்பதற்குக் கட்டட அமைப்பும் ஒரு காரணம். நடுவில் நீள நடைபாதை, இருபுறமும் வீடுகள் என்று கட்டினால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம்தான் ஜன்னல், மூன்று படுக்கையறைக்கும் வெளிச்சம் தர மூலை வீட்டில்தான் சுலபமாக முடியும்.

நண்பர்கள் சேர்ந்து எடுக்க வந்தாலும் தயங்க வேண்டாம், எல்லோரும் ஒரே ஒப்பந்தத்தில், முழு வாடகைக்கும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடட்டும். அப்புறம், வாடகையை உயர்த்தும்போது அதே பகுதியில் தனி வீட்டு வாடகை என்ன என்று பாருங்கள், அதை நெருங்கிவிட்டால் குடும்பங்கள் தனி வீட்டுக்கே போய்விடும்.

வாங்கும் முன் விற்பவரிடம் ஒவ்வொரு வீட்டிலும் இப்போது இருப்பவர் எந்தத் தேதியில் குடிவந்தார், அதற்கு முன் எத்தனை நாள் வீடு காலியாக இருந்தது என்ற விவரத்தைக் கேளுங்கள். வாடகைத் தொகை மட்டும் உள்ள பட்டியலைக் காட்டினால், அதை வைத்து விலை பேசாதீர்கள்.