பேரரசர் குவாங்ஷூவின் தலைமுடி

1908 நவம்பர் 14 அன்று சீனப் பேரரசர் குவாங்ஷூ இறந்தார். வயது 37தான். மறுநாளே அவருடைய பெரியம்மாவும், ஆட்சியைக் கையில் வைத்திருந்த பேரரசியுமான சிஷியும் இறந்தார். சீர்திருத்தம் கொண்டுவர முயன்றதற்காக 1898 முதல் அவரைச் சிறைவைத்திருந்தவர் அந்தப் பெரியம்மாதான்.

நெடுநாள் நோயால் இறந்தார் என்றது அரண்மனைப் பதிவு. சிஷி நஞ்சு வைத்தார் என்றனர் சிலர். தளபதி யுவான் ஷிகாய் மீது சந்தேகப்பட்டனர் வேறு சிலர். எல்லாமே வாய்ப்பேச்சாக இருந்தது, 2008 வரை.

அந்த ஆண்டு சீன ஆய்வாளர்கள் அவர் கல்லறையிலிருந்து எடுத்திருந்த முடியை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, அதிலிருந்த ஆர்சனிக் என்ற நஞ்சை அளந்த முடிவை வெளியிட்டார்கள். நியூட்ரான்களால் தாக்கினால் ஆர்சனிக் அணு கதிரியக்கம் பெறும். அது விடும் காமா கதிரை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். ஒரு துண்டில் கிராமுக்கு 2,404 மைக்ரோகிராம்! அவர் மனைவியின் முடியில் 9 மைக்ரோகிராம் அளவுக்குத்தான் இருந்தது.

சரி, மருந்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கலாமே? நம் சித்த மருத்துவத்தில் ஆர்சனிக் உள்ள பாஷாணங்கள் உண்டு. சீன மருத்துவத்திலும் உண்டு. இங்கேதான் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்துப்போகிறது. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ரத்தத்தில் வரும் ஆர்சனிக், முடியின் கெராட்டின் என்ற புரதத்தில் உள்ள கந்தகத்தோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் உள்ளே போயிருந்தால் முடி நெடுகப் பரவலாக இருக்க வேண்டும். ஒரே வேளையில் உண்டு சீக்கிரம் இறந்திருந்தால், வேரருகே மட்டும்தான் ஏற நேரம் இருந்திருக்கும். குவாங்ஷூவின் முடியிலோ வேரை விட்டுத் தள்ளி, சில இடங்களில் மட்டும் திடீரென எகிறுகிறது. அப்படியானால் அது உள்ளிருந்து வளர்ந்து வந்ததல்ல, வெளியிலிருந்து ஒட்டியது.

எங்கிருந்து ஒட்டியது? உடைகளைச் சோதித்தார்கள். வயிற்றுப் பகுதியில்தான் ஆர்சனிக் அதிகம். உடல் அழுகியபோது வயிற்றிலிருந்த நஞ்சு கசிந்து துணியிலும் முடியிலும் படிந்திருக்கிறது. சோதித்த முடியிலும் துணியிலும் மட்டுமே சுமார் 200 மில்லிகிராம் வெள்ளைப் பாஷாணம், அதாவது ஆர்சனிக் ஆக்சைடு. ஓர் ஆளைக் கொல்ல அது போதும்.

நோயால் இறந்தார் என்ற கதையை இனி என்னால் ஏற்க முடியவில்லை. கொடுத்த கை யாருடையது என்று முடி சொல்லாது. ஆனால் சாகக் கிடந்த சிஷிக்கு, தனக்குப்பின் குவாங்ஷூ உயிரோடு ஆட்சிக்குத் திரும்புவதைவிடப் பெரிய பயம் இருந்திருக்காது. அரியணையில் அடுத்து உட்கார சிஷி தேர்ந்தெடுத்த பூயிக்கு அப்போது இரண்டே வயது.