கர்ப்பகாலத்தில் வாய் கோணினால் முதலில் கண்ணைக் கவனியுங்கள்

காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகும். முந்தின நாள் ராத்திரியே காதுக்குப் பின்னால் வலித்திருக்கும்; ஒருக்களித்துப் படுத்ததால்தான் என்று விட்டிருப்பார்கள். கண்ணாடியைப் பார்த்தால் வாய் கோணியிருக்கும். வீட்டில் ஒருவர் "காத்து அடிச்சிருக்கு" என்பார், இன்னொருவர் திருஷ்டி சுற்ற மிளகாய் தேடுவார். வளைகாப்பு நெருங்கும் நேரமாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இது பெரும்பாலும் முகவாதம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வாய் எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அது நல்ல பக்கம். செயலிழந்த தசை எதையும் இழுக்காது, தொய்ந்து கிடக்கும். இது தெரியாமல் நல்ல கன்னத்துக்கு எண்ணெய் தேய்த்து நாள்களை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

முகத்தை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பு, காதுக்குள் எலும்பாலான ஒரு குறுகிய குழாய் வழியாக வெளியே வருகிறது. அந்த நரம்பு வீங்கினால் விரிய இடம் கிடையாது. நசுங்கி வேலை நிறுத்தம் செய்துவிடும். உடலில் தூங்கிக் கிடக்கும் ஹெர்பிஸ் வைரஸ் விழித்துக்கொள்வதே வீக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கர்ப்பத்தின் கடைசி 3 மாதங்களிலும் பிரசவத்துக்குப் பின் வரும் முதல் சில வாரங்களிலும் இது கூடுதலாக வருவதற்கு, உடலில் நீர் கோத்துக்கொள்வதும் எதிர்ப்பாற்றலில் ஏற்படும் மாற்றமும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஜன்னலோரக் காற்றோ ஏசியோ இதைக் கொண்டுவந்ததாக நினைத்து யாரையும் திட்ட வேண்டாம். மருத்துவச் சீட்டில் 'பெல்ஸ் பால்சி' என்று எழுதியிருப்பார்கள். நம் பேச்சில் முகவாதம்.

பக்கவாதமா என்ற பயம் நியாயமானதுதான். புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியிலும் சுருக்கம் விழாது, கண்ணும் மூடாது. நெற்றி சுருங்குகிறது, வாய் மட்டும் கோணியிருக்கிறது என்றாலோ, கை கால் தளர்ந்தாலோ, வார்த்தை வராமல் தடுமாறினாலோ, இதுவரை வராத அளவு தலைவலியோ வலிப்போ வந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள். முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாகச் செயலிழந்தாலும் அவசரம்தான். வெறும் முகவாதமாகவே தெரிந்தாலும் அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும். கர்ப்பகால ரத்த அழுத்தமும் முகவாதமும் சில பெண்களுக்குச் சேர்ந்தே வருகின்றன. சிலருக்கு முகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். 140/90-ஐத் தொட்டால் மகப்பேறு மருத்துவருக்கு உடனே தெரிய வேண்டும். காதுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். கொப்புளமும் கடும் வலியும் இருந்தால் அது வேறு வகை. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மருந்தில் நாள் கணக்கு முக்கியம். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை, முகம் கோணத் தொடங்கிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வழக்கமான அளவு, 25 மில்லிகிராம் வீதம் இரு வேளை, 10 நாள். அல்லது தினம் 60 மில்லிகிராம் 5 நாள், பிறகு நாளுக்கு 10 மில்லிகிராம் வீதம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவது. எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். "ஸ்டீராய்டா, புள்ளைக்கு ஆகாதே" என்று வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த 3 நாள் போய்விடுகிறது. ஸ்டீராய்டு எல்லாம் ஒன்றல்ல. பிரெட்னிசோலோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடி செயலிழக்கச் செய்துவிடும். குழந்தையை எட்டுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. டெக்சாமெத்தசோன் அப்படியில்லை, நஞ்சுக்கொடியைத் தாண்டும். அதனால்தான் குறைமாதப் பிரசவம் நேரலாம் என்றால் குழந்தையின் நுரையீரலுக்காக அதைப் போடுகிறார்கள். கடையில் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் 3 மாதங்களில் மட்டும் நன்மை தீமையை மகப்பேறு மருத்துவர் கூடுதலாக எடைபோட்டுச் சொல்வார்.

பிரெட்னிசோலோன் சர்க்கரையை ஏற்றும். கர்ப்பகாலச் சர்க்கரை ஏற்கனவே இருந்தால், மாத்திரை சாப்பிடும் நாள்களில் வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் தினம் பார்க்க வேண்டும். காது வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் பக்கம் போக வேண்டாம். பலரும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் பி12 ஊசி பிரெட்னிசோலோனுக்கு மாற்று ஆகாது.

கோணல் வாய் மாதங்கள் கழித்தும் சரியாகலாம். மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகிவிட்டால் பார்வை திரும்ப வராமல் போகலாம். சென்னை வெயில், மின்விசிறி, டூவீலர் பயணத் தூசி மூன்றும் அந்தக் கண்ணுக்கு எதிரிகள். பகலில் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக் கண்ணீர்த் துளி, அடிக்கடி விடுவதால் பதப்படுத்தும் பொருள் சேராததாக இருந்தால் நல்லது. ராத்திரி கண்ணுக்கான களிம்பு. வெளியே போனால் பக்கமும் மறைக்கும் கண்ணாடி. விசிறி முகத்துக்கு நேராக வேண்டாம்.

டேப் ஒட்டுவதில்தான் தவறு நடக்கிறது. களிம்பு வைத்துவிட்டுக் கீழே பார்க்க வேண்டும்; மேலே பார்த்தபடி ஒட்டினால் இமை இறங்காது. விரலின் பின்பக்கத்தால் மேலிமையை மெல்ல இறக்கி, அரை அங்குலக் காகித டேப்பை மேலிமையில் தொடங்கிச் சாய்வாக வெளிப்பக்கக் கன்னத்தில் முடியும்படி ஒட்டுங்கள். பிறகு வேறு ஒருவர் டார்ச் அடித்து, இமைகளுக்கு நடுவே வெள்ளை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டவருக்கு அது தெரியாது. திறந்த கண்மேல் பஞ்சு வைத்துக் கட்டுவது ஆபத்து, பஞ்சே கருவிழியைக் கீறும். விளக்கெண்ணெய், தாய்ப்பால், கண்மை எதுவும் உள்ளே போகக் கூடாது.

பார்வை மங்கினால் எந்தக் கண் என்று பிரித்துப் பாருங்கள். பாதித்த கண்ணில் மட்டும், துளி விட்டதும் தெளிந்தால் அது வறட்சி அல்லது களிம்பு. இரண்டு கண்ணும் மங்கினாலோ, மின்னல் மாதிரி ஒளி தெரிந்தாலோ, கூடவே தலைவலியோ மேல்வயிற்று வலியோ இருந்தாலோ அது ரத்த அழுத்தத்தின் எச்சரிக்கை. பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண் சிவந்து வலித்தால் அதே நாளில் கண் மருத்துவர். 1819-ல் தொடங்கி, இப்போது சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனையும் அங்குள்ள அரசு தாய் சேய் நல மருத்துவமனையும் ஒரே வட்டாரத்தில் இருப்பது இதற்கு வசதி.

சாப்பாட்டில் பெரிய சிரமம், சோறு பாதித்த கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே தங்குவது. கர்ப்பத்தில் ஈறு வீங்குவது சகஜம், தங்கிய சோறு அதைப் புண்ணாக்கும். கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நல்ல பக்கம் மெல்லுங்கள். சாப்பிட்டதும் விரலால் துழாவி எடுத்துவிட்டுக் கொப்பளியுங்கள். ரசத்தைவிடக் குழைந்த சோறும் கெட்டித் தயிரும் ஒழுகாது. நாக்கில் ருசி குறைவது, குக்கர் விசில் அந்தக் காதில் மட்டும் அலறுவது, இரண்டும் அதே நரம்பின் கிளைகளால்தான். புது நோய் அல்ல.

உடற்பயிற்சியில் ஆர்வக் கோளாறு வேண்டாம். பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு என்ற அறிவுரை வாசல்வரை வரும். அசைவே இல்லாத முதல் வாரங்களில் பலூன் ஊதினால் நல்ல பக்கம்தான் இன்னும் பலமாக இழுக்கும். மெல்லுவது வேறு நரம்பின் வேலை, அதனால் இதற்குப் பயனில்லை. அப்போது தேவை, விரல் நுனியால் கன்னத்தை வாயோரத்திலிருந்து காதுப் பக்கம் மேல்நோக்கி மெல்ல நீவுவது, 5 நிமிடம், இரு வேளை. அசைவு தலைகாட்டியதும் கண்ணாடி முன் உட்கார்ந்து, நல்ல பக்கத்தை உள்ளங்கையால் அடக்கிக்கொண்டு, பல் தெரியாத சின்னச் சிரிப்பு, புருவம் தூக்கல், உதடு குவித்தல். ஒவ்வொன்றும் 5 முறை, மெதுவாக. மீண்டு வரும் நரம்பிழைகள் சிலருக்குத் தப்புத் தசையோடு இணைந்துவிடும்; முக்கி முக்கிச் செய்தால் அது மேலும் மோசமாகலாம்: சிரித்தால் கண் மூடும், கண்ணை மூடினால் வாயோரம் இழுக்கும். சிலருக்குச் சாப்பிடும்போது கண்ணில் நீர் வடியும். 'கரண்ட் வைப்பது', அதாவது மின்சாரத்தால் தசையைத் தூண்டுவது, வேகமாகக் குணமாக்கும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கர்ப்பிணிக்குப் பரிந்துரைப்பதும் இல்லை.

பெரும்பாலோருக்கு 3 வாரத்துக்குள் அசைவு தொடங்கும், முழுதாகத் திரும்பச் சில மாதம் ஆகலாம். அந்தப் பக்கம் துளியும் அசையாதவர்களுக்குத் தாமதமாகும், சிலருக்குக் குறை தங்கலாம். 3 மாதமாகியும் அசைவே இல்லையென்றாலோ, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனாலோ வேறு காரணம் தேட வேண்டும். சாய ஊசி போடாத எம்.ஆர்.ஐ. கர்ப்பத்திலும் எடுக்கலாம். வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் புருவம் தூக்கி, கண் மூடி, சிரித்து ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். தினம் கண்ணாடி பார்ப்பவருக்கு முன்னேற்றம் தெரியாது.

முகவாதத்துக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. பிரசவ அறைக்குள் போகும்முன் மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், கண்ணை மூடி ஒட்டிவைப்பார்கள். பிரெட்னிசோலோன் எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். பிள்ளை பெற்ற வீட்டில் இன்னொரு தொல்லை காத்திருக்கும்: தலைக்கு ஊற்றும்போது வழியும் சீயக்காய், அதன் பிறகு போடும் சாம்பிராணி. மூடாத கண்ணுக்கு இரண்டுமே எரிச்சல். கண்ணில் டேப் ஒட்டிய பிறகு தலைக்கு ஊற்றச் சொல்லுங்கள், சாம்பிராணியை அடுத்த அறையில் குழந்தையின் துணிக்குக்கூடக் காட்டாமல் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள்.