லேட் ஆனதுக்கு இன்சூரன்ஸ் தராது

போன வாரம் ஒரு பனியன் கம்பெனி முதலாளி பாலிசியைச் சுருட்டிப் பிடித்தபடி என் ஆபீசுக்கு வந்தார். "ஆல் ரிஸ்க் போட்டிருக்கோமுங்களே, கிளெய்ம் வாங்கிக் குடுங்க" என்றார். குழந்தைகளுக்கான கோடை டி-சர்ட், தூத்துக்குடியில் ஏற்றியது. கப்பல் சுற்றிப் போனதில் சீசன் தப்பிவிட்டது. பையர், அதாவது சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர், பில்லில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். சரக்கில் ஒரு பீஸ்கூட நனையவில்லை, கிழியவில்லை.

திருப்பூரில் ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் வேலை என்னுடையது. 2023 நவம்பர் 19 அன்று ஏமனின் ஹவுதி ஆயுதக் குழுவினர் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் பெரிய கப்பல் கம்பெனிகள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஐரோப்பாவுக்கு 10 முதல் 14 நாள் கூடுதல். அன்றிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை.

தயவுசெய்து கேளுங்கள். "ஆல் ரிஸ்க்" என்றால் எல்லாமும் என்று அர்த்தமில்லை. சரக்கு சேதமானால், தொலைந்தால் பணம் வரும். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு வராது. அந்த விலக்கு பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. போர்ச் சேதமும் அதில் சேராது. அதற்குத் தனி பிரீமியம் கட்ட வேண்டும். கட்டினாலும் சரக்கு கப்பலில் இருக்கும்போதுதான் பாதுகாப்பு, குடோனில் கிடக்கும்போது இல்லை. 7 நாள் நோட்டீஸ் கொடுத்து, இனி அனுப்பப்போகும் சரக்குக்கு அதை நிறுத்தவும் இன்சூரன்ஸ் கம்பெனியால் முடியும்.

"ரெண்டு மாசத்துல சரியாயிடுமுங்க" என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 1967 போரில் மூடிய சூயஸ் 1975-ல்தான் திறந்தது.

பருத்திதான் தைக்கிறோம், எண்ணெய் நமக்கெதற்கு என்று இருக்காதீர்கள். பாலியஸ்டர் நூலுக்கு மூலம் கச்சா எண்ணெய். சாதாரண நாளில் உலகம் எரிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு பாரசீக வளைகுடாவின் வாயிலான ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் போகிறது. அங்கே பதற்றம் என்றாலே நூல் விலையும் கப்பல் எரிபொருளுக்கான கூடுதல் கட்டணமான சர்சார்ஜும் சேர்ந்து ஏறும். நீங்கள் பையரிடம் விலை சொன்னதோ மூன்று மாதம் முன்னால்!

அவருடைய ஆர்டர் தாளை வாங்கிப் பார்த்தேன். டெலிவரி என்ற இடத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்கு இறங்க வேண்டிய தேதி. அதற்கு நேர் கீழே அவர் கையெழுத்து. வழியில் ஆகும் தாமதம் அவர் தலையில்.

கப்பலில் ஏற்றும் தேதியையே டெலிவரி தேதியாக எழுதி வாங்குங்கள். சர்சார்ஜ் ஏறினால் யார் கட்டுவது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள், போனில் பேசியது மட்டும் போதாது. போர், வேலைநிறுத்தம் இரண்டுக்கும் கவர் இருக்கிறதா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். சீசன் சரக்கை இரண்டு வாரம் முன்தள்ளித் திட்டமிடுங்கள்.

பையர் பிடிக்கும் பணத்தில் காஜா பட்டன் யூனிட்டுக்குப் போக வேண்டிய சனிக்கிழமைக் கூலியும் இருக்கிறதுங்க. கையெழுத்துப் போடும் முன்னால் தாளை ஒருமுறை உங்கள் சரக்கை அனுப்பும் ஏஜென்டிடம் காட்டுங்கள். படித்துச் சொல்ல பத்து நிமிடம்கூட ஆகாது.